மடியில் வாங்கியது

செங்கல்பட்டில் வலது காலைத் தூக்கிப் பெட்டியின் படியில் வைத்தாள் சுகந்தி. அடுத்த கணம் அந்தக் கால் எழும்பூர் நடைமேடையில் இருந்தது. அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மூன்று வருடமாக அவளுக்கு ரயில் பயணம் என்பது இவ்வளவுதான்.

கையில்தான் ஏதோ கனத்தது.

காலையில் வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்தது சாப்பாட்டுப் பையும் ஒரு குடையும். இரண்டையும் காணோம். அவற்றுக்குப் பதிலாகப் பச்சைத் துப்பட்டாவின் சுருள் ஒன்று. ஈரமாக இருந்தது, சூடாகவும் இருந்தது. பிரித்துப் பார்க்கலாம் என்று அவள் நினைப்பதற்குள் அது கொட்டாவி விட்டது.

சுகந்தி கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும்.

உள்ளே ஒரு பெண் குழந்தை. பிறந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். தலைமுடியில் வெள்ளையாக ஏதோ மாவு போல ஒட்டியிருந்தது. தொப்புள்கொடியை, முடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சுகந்தியின் புடவையில் முழங்காலிலிருந்து கீழே ரத்தம். அது தன்னுடையது இல்லை என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

மகளிர் பெட்டியிலிருந்து இறங்கிய மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். ஒருத்தியின் முழங்கையில் ரத்தம். வங்கியில் வேலை பார்க்கும் ரமாமணி தன் தோளைத் தடவித் துப்பட்டாவைத் தேடினாள். அது குழந்தையின் மேல் இருந்தது.

"யாருதுங்க?" என்றாள் சுகந்தி.

"உங்க கையில இருக்குது, எங்களக் கேக்குறீங்க?"

"எனக்குத் தெரியலீங்க."

"எங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரியும்?" என்றாள் ரமாமணி. "நாம எல்லாரும் தூங்கிட்டு இல்ல வந்தோம்?"

அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். புறநகர்த் தடத்தை எடுத்து நடத்த வந்த கம்பெனி புதிய தண்டவாளம் போடவில்லை, வண்டிகளைக் கூட்டவில்லை. இருந்த பழைய பெட்டிகளின் கூரையில் சாம்பல் நிறத் தகடுகளைப் பொருத்தி 'கணப் பெட்டி' என்று பெயர் வைத்தது. ஏறியதும் தூங்கிவிடுவீர்கள், இறங்கும்போது விழிப்பீர்கள், கண் மூடித் திறந்தால் எழும்பூர் என்றது விளம்பரம். அன்றிலிருந்து ரயிலைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. ஒன்றரை மணி நேரப் பயணம் மெல்ல மெல்ல மூன்று மணி நேரம் ஆனது. யாருக்கும் உறைக்கவில்லை. அலுவலகங்கள் பதினொரு மணிக்குத் திறக்க ஆரம்பித்தன. மின்விசிறிகளைக் கழற்றினார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை. தூங்குகிறவர்களுக்குக் காற்று எதற்கு?

நடைமேடைக் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. பெண்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு குழந்தையைப் பார்த்தார்கள்.

"பாவம், போலீஸ்ல சொல்லிடுங்க. என் மேனேஜர் கத்துவாரு," என்றாள் ஒருத்தி.

ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ரமாமணி மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் 'மாறிய பைகள்' என்று ஒரு ஜன்னல் இருந்தது. அந்தத் தடத்தில் ஒரு பழக்கம் உண்டு. நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவரின் மடியில் கொடுத்துவிடுவார்கள். இறங்கும்போது கூட்டத்தில் திரும்பி வர முடியாது, அதனால் தலைக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றி வாசலுக்கு அனுப்புவார்கள். கணப் பெட்டி வந்த பிறகும் எப்படியோ அந்தப் பழக்கம் போகவில்லை. தினமும் யாராவது யாருடைய பையுடனாவது இறங்கினார்கள். தூக்கக் கலக்கம் என்று எல்லோரும் சிரித்துக்கொள்வார்கள்.

ஜன்னலுக்குள் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் படிவத்தை எடுத்தார். "என்ன பொருள்? என்ன நிறம்?"

"குழந்தை சார்."

"குழந்தைங்க பையா?"

"குழந்தை."

அவர் எட்டிப் பார்த்தார். பேனா கீழே விழுந்தது. படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை தேடிவிட்டு, "இதுக்குக் கட்டமே இல்லீங்களே மேடம்," என்றார் பரிதாபமாக. "யாரையாவது கூட்டிட்டு வரேன்" என்று உள்ளே போனவர் திரும்பவில்லை.

சுகந்தி கணவனை அழைத்தாள். திருமாறனுக்குச் செங்கல்பட்டில் நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏங்க, என் கையில ஒரு குழந்தை இருக்கு."

"யாரு குழந்தை?"

"தெரியல. இறங்கினேன், இருந்தது."

முழுவதையும் கேட்டான். கல்யாணமாகி ஒன்பது வருடம். எத்தனையோ டாக்டர்கள், எத்தனையோ ஊசிகள். போன வருடம் இருவரும் பேசி, போதும் என்று நிறுத்தியிருந்தார்கள். இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"சுகி, யாருமே பாக்கலையா?"

"எல்லாரும் பாத்திருக்காங்க. யாருக்கும் ஞாபகம் இல்ல."

அவன் மூச்சு விடுவது கேட்டது. தெருநாய்க்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதன் அவன். மிகவும் மெதுவாகச் சொன்னான். "அப்ப வீட்டுக்குக் கொண்டு வந்துடு."

தான் என்ன பதில் சொன்னோம் என்று சுகந்திக்குத் தெரியவில்லை. கால்கள் ஆட்டோ நிறுத்தத்தைப் பார்த்து நடந்தன. குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடினாள்.

"சுகந்தி! நில்லும்மா!"

நீலக் கோட்டு அணிந்த ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கோட்டில் கம்பெனியின் முத்திரை, கீழே ரெஜினா என்று பெயர்.

"உங்களுக்கு என் பேர் எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா உன்னத் தினம் பாக்கறேன்," என்றாள் ரெஜினா. "வா. இந்தப் பாப்பாவோட அம்மா தாம்பரம் ஆஸ்பத்திரியில உயிரோடதான் இருக்கு. முதல்ல நீ ஒண்ணு பாக்கணும்."

மாடியில் ஓர் அறை, சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. சுகந்தி முதலில் எதையும் புரிந்துகொள்ளவில்லை. திரைகளில் மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வியர்வையில் நனைந்த சட்டைகள். ஒருவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். இரண்டு பேர் கழுத்தைப் பிடித்துச் சண்டை போட்டார்கள்.

"இது எந்த வண்டி?"

"கணப் பெட்டிதான். இப்ப ஓடிட்டிருக்கறது."

"தூங்கலையே இவங்க!"

"யாரும் தூங்கறதில்லம்மா. தூங்க வெக்கிற மெஷின் ரொம்ப செலவு. இது மறக்க வெக்கிறது. உள்ள இருக்கற வரைக்கும் எல்லாம் தெரியும், வலிக்கும், வேர்க்கும். படியில இறங்கினதும் ஏறினதுலேர்ந்து நடந்தது மொத்தமும் அழிஞ்சிடும்."

சுகந்திக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாலையில் கால் வீங்குவது, காரணமில்லாமல் தொண்டை கட்டிக்கொள்வது, ஒரு முறை உதடு கிழிந்திருந்தது. நின்றபடி தூங்குவதால் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"உள்ள இருக்கும்போது எங்களுக்குத் தெரியுமா, மறந்துடுவோம்னு?"

"ஏறின அஞ்சாவது நிமிஷம் தெரிஞ்சிடும். தினமும் புதுசா தெரிஞ்சுக்குவீங்க. ஒரு தடவ நீ பேனாவால கையில 'ஏறாதே'ன்னு எழுதிக்கிட்ட."

"பாத்தேன்," என்றாள் சுகந்தி. "ஆபீஸ்ல யாரோ விளையாடறாங்கன்னு நெனச்சேன்."

"மறுநாளும் ஏறினியே."

"வேலைக்குப் போகணுமே!"

ரெஜினா ஒரு பொத்தானை அழுத்தினாள். இன்று காலை ஓடிய மகளிர் பெட்டி நடுவிலிருந்த திரையில் வந்தது. ஜன்னலோரம் சுகந்தி. மடியில் நாலு பை.

"மறைமலைநகர்ல ஏறுது பாரு, அதுதான். இலக்கியான்னு பேரு. போன் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. லீவு போட்டா வேலை போயிடும்னு ஒன்பதாம் மாசத்துலயும் வருது."

ஒல்லியான பெண். வயிறு மட்டும் பெரிதாக. நெரிசலில் யாரும் நகர முடியவில்லை. ஊரப்பாக்கத்துக்கு முன்னால் வண்டி நின்றது. சிக்னல் கோளாறு. ரெஜினா படத்தை வேகமாக ஓட்டினாள். பத்து நிமிடம், நாற்பது நிமிடம், ஒன்றே கால் மணி நேரம். இலக்கியா கம்பியைப் பிடித்தபடி கீழே சரிந்தாள். பெண்கள் எப்படியோ இடம் உண்டாக்கினார்கள். சுகந்தி பைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து, அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். தொங்கி இழுத்தாள்.

"நான் இழுத்தேனா!"

"நீதான் தினமும் முதல்ல இழுப்ப."

"தினமுமா?"

"வண்டி அரை மணிக்கு மேல நின்னா யாராவது இழுப்பீங்க. கத்துவீங்க. நாளைக்கு ஒருத்தரும் ஏறக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்குவீங்க. அந்தச் சங்கிலிய எதுலயும் மாட்டல சுகந்தி. சும்மா தொங்குது."

சுகந்தி ரெஜினாவையே பார்த்தாள். "மூணு வருஷமா இதப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா." ரெஜினா கண்ணைத் தாழ்த்தவில்லை. "ரெண்டு பொண்ணுங்களப் படிக்க வெச்சேன் இந்தச் சம்பளத்துல. நீயாவது மறந்துட்டு இருந்த. நான் ஞாபகத்தோட சும்மா இருந்தவ."

திரையில் கொய்யா விற்கும் பெண்மணி தன் கத்தியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். யாரோ தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினார்கள். ரமாமணி துப்பட்டாவை உருவினாள். குழந்தை அழுதபோது அந்த நெரிசல் முழுவதும் ஒன்றாகச் சிரித்தது. இலக்கியா குழந்தையை வாங்கி அதன் காதோரம் எதையோ சொன்னாள். வண்டி நகர்ந்தது.

"தாம்பரத்துல அவள இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு எல்லாரும் முடிவு பண்ணினீங்க," என்றாள் ரெஜினா. "அவளத் தூக்கிட்டு வாசலுக்குப் போக நாலு பேர். அதுவரைக்கும் குழந்தைய..." அவள் கை பொத்தானுக்குப் போனது. "போதும்மா. இதுக்கு மேல பாக்க வேணாம்."

"போடுங்க."

"சொன்னாக் கேளு."

"போடுங்க மேடம்!"

இலக்கியா குழந்தையைச் சுகந்தியின் மடியில் கொடுத்தாள், பை கொடுப்பது போலவே. "வெச்சுக்கோங்க அக்கா, இறங்கறப்ப வாங்கிக்கறேன்." நான்கு பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனார்கள். தாம்பரம். வாசலில் இலக்கியா திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளுக்கும் சுகந்திக்கும் நடுவில் இருந்த எல்லாப் பெண்களும் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தினார்கள். வாங்கி வாங்கிக் கொடுப்பதற்கு இருபது கைகள் தயாராக நின்றன.

திரையில் இருந்த சுகந்தி குழந்தையைக் கொடுக்கவில்லை.

மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பின்னால் தள்ளிய கூட்டம் இலக்கியாவை வெளியே கொண்டுபோனது. கதவு மூடியது. பெட்டியே அலறியது. ரமாமணி சுகந்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். சுகந்தி நிமிர்ந்து ஏதோ சொன்னாள். ரெஜினா ஒலியைக் குறைத்திருக்கலாம். ஆனால் அது கேட்டுவிட்டது.

"கத்துங்க. எழும்பூர்ல இறங்கினா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அறையில் குழந்தை சிணுங்கியது. சுகந்தி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலித்தது. இவ்வளவு நேரம் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"அது நான் இல்ல," என்றாள்.

ரெஜினா திரையை அணைத்தாள்.

"ரெஜினா மேடம், அது நான் இல்லைன்னு சொல்லுங்களேன்!"

"அம்பது நிமிஷம் அவங்க உன்ன அவ்வளவு திட்டினாங்க," என்றாள் ரெஜினா. "கீழ இறங்கி 'பாவம்'னாங்க." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்தாள். "இப்ப மேல இருக்கறவங்க வருவாங்க. ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க. போட்டா இந்தப் படம் அழிஞ்சிடும். உன் தப்பும் அழியும், சங்கிலியும் அழியும். இது நான் எடுத்து வெச்ச காப்பி. முழுசா இருக்கு. வெட்டி எல்லாம் தர மாட்டேன்."

சுகந்தி கார்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பின்படி வழியாக இறங்கினாள்.

தாம்பரத்துக்கு ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்று வருடத்தில் அவள் உணர்ந்து செய்த முதல் பயணம். சிக்னல்கள், தூசி, பசி, குழந்தையின் மூச்சு, ஒவ்வொரு நிமிடமும் அவள் மேல் ஏறிப் போனது. நடுவில் திருமாறன் அழைத்தான். "சுகி, நான் அப்ப சொன்னது தப்பு. கேட்டியா? தப்பு. எங்க இருக்க?"

"திருப்பிக் குடுக்கப் போறேங்க."

"நல்லது." அவன் குரல் உடைந்தது. "அப்படியே செய். அழாத."

அவள் அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் இலக்கியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்றாள் நர்ஸ். "ஏறும்போது உள்ள உதைச்சுது. இறங்கும்போது வயிறே இல்ல."

குழந்தையைப் பக்கத்தில் வைத்ததும் அவள் தொடவில்லை. வெறுமனே பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அதன் மூக்கைத் தொட்டாள். "என்னுதா?" என்றாள்.

"உன்னுதுதாம்மா."

"பெத்தது எனக்குத் தெரியவே இல்லக்கா! நான் கத்தினேனா? இது அழுதுச்சா? நான் இத மொதல்ல பாக்கறப்ப என்ன சொன்னேன்?" சுகந்தியின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருப்பீங்க. பத்திரமா வெச்சிருந்து தேடிக் கொண்டாந்து குடுத்தீங்களே. சாமி மாதிரி."

அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுகந்தி கைகளை விடுவித்துக்கொண்டு, கார்டைத் தன் போனில் போட்டு இலக்கியாவிடம் நீட்டினாள்.

"முழுசா பாரு. நடுவுல நிறுத்தாத."

இலக்கியா பார்த்தாள். குழந்தையைக் கையில் வாங்கும் இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் சிரித்தாள். பிறகு தாம்பரம் வந்தது. நீட்டிய தன் கைகளைப் பார்த்தாள். உயர்ந்து நின்ற இருபது கைகளைப் பார்த்தாள். படம் முடிந்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை.

"ஏன்க்கா குடுக்கல?"

"தெரியலம்மா. அங்க உக்காந்திருந்தது நான்தான். வேற யாரோன்னு சொல்ல முடியாது."

இலக்கியா குழந்தையை மெல்ல எடுத்துச் சுவர்ப் பக்கமாக மாற்றிப் படுக்க வைத்தாள்.

"இத எல்லாரும் பாக்கணும்," என்றாள். "அந்தச் சங்கிலிய எல்லாரும் பாக்கணும்."

"அனுப்பு."

"உங்க மூஞ்சியும் வரும்."

"வரட்டும்."

அன்று மாலைக்குள் அந்தப் படம் தடம் முழுவதும் பரவிவிட்டது. தொலைக்காட்சியில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. மூன்றாம் நாள் கம்பெனி அறிக்கை விட்டது. நடந்ததற்கு மனமார வருந்துகிறோம். பயணிகளின் அந்தரங்கத்தை அவர்கள் அனுமதியின்றிப் பதிவு செய்தது பெரும் தவறு. எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கேமராக்கள் உடனே அகற்றப்படும். பதிவுகளைக் கவனித்துவந்த ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். வண்டிகள் வழக்கம்போல் ஓடும்.

நான்காம் நாள் சுகந்தியின் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். விடுப்பு முடிந்துவிட்டது. திருமாறன் பேருந்து நிலையம் வரை போய் விசாரித்துவிட்டு வந்தான். ரயிலை நம்பிப் பேருந்துகளை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

காலையில் அவள் செங்கல்பட்டு நடைமேடைக்குப் போனபோது எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் படத்தைப் பார்த்தவர்கள். சங்கிலி பொய் என்று தெரிந்தவர்கள். உள்ளே தூக்கம் கிடையாது என்று தெரிந்தவர்கள். எல்லோர் தோளிலும் சாப்பாட்டுப் பை தொங்கியது. யாரும் அவளிடம் பேசவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி வந்து நின்றது. மகளிர் பெட்டியின் வாசலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளுக்கு வழி விட்டது. ரமாமணி முதலில் ஏறித் திரும்பி நின்று, உதவுவது போலக் கையை நீட்டினாள். முகத்தில் கோபமே இல்லை.

"ஏறுங்கக்கா," என்றாள். "உள்ள போய்ப் பேசிக்கலாம்."